டிரோல் கோட்டை அருங்காட்சியகம்: போகிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

வட இத்தாலியில், மெரான் ஊருக்கு மேலே ஒரு குன்றில் டிரோல் கோட்டை நிற்கிறது. தென் டிரோல் மாகாணத்தின் பண்பாட்டு, வரலாற்று அருங்காட்சியகம் அதற்குள்தான் இருக்கிறது. நான் சில தடவை போய் வந்து நண்பர்களிடம் சொல்லப்போக, அவர்கள் தங்கள் நண்பர்களிடம் சொல்ல, இப்போது மாதத்துக்கு இரண்டு பேராவது வாட்ஸாப்பில் அதே கேள்விகளோடு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதைவிட ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. கேள்விகள் அவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

இது கோட்டையா மியூசியமா? எதைப் பார்க்கத்தான் போறோம்?

இரண்டும்தான். கோட்டையே முக்கியமான காட்சிப்பொருள். முதல் கட்டுமானம் 1100க்கு முன்னாடியே நடந்துவிட்டது, 12ஆம் நூற்றாண்டிலும் 13ஆம் நூற்றாண்டிலும் பெரிதாக்கினார்கள். டிரோல் பிரபுக்களின் குடும்பக் கோட்டை இது. 1141இல்தான் அவர்கள் இந்தப் பெயரோடு ஆவணத்தில் முதன்முதலாக வருகிறார்கள். கோட்டையின் பெயர் குடும்பத்துக்கு வந்தது, குடும்பத்தின் பெயர் ஒரு நாட்டுக்கே வந்தது. ஆல்ப்ஸ் மலையில் இன்றைக்கு டிரோல் என்று சொல்லப்படுகிற அத்தனை நிலமும் இந்தக் குன்றிலிருந்து பெயர் வாங்கியதுதான்.

அந்தக் கட்டடத்துக்குள் இந்த நிலத்தின் கதையை இடைக்காலத்திலிருந்து 20ஆம் நூற்றாண்டு வரை வைத்திருக்கிறார்கள். மாகாண அருங்காட்சியகமாக 2003இல் திறந்தார்கள். அரச கட்டிலையும் தங்கத் தட்டையும் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். ஒரு நாடு எப்படி உருவாகி, எப்படி இரண்டாக வெட்டப்பட்டு, வெட்டுப்பட்ட துண்டு எப்படி வாழக் கற்றுக்கொண்டது என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் போங்கள்.

டிரோல்னா ஆஸ்திரியா தானே? அது எப்படி இத்தாலியில இருக்கு?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர்களே இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதல் உலகப்போர் வரை டிரோல் ஒரே நாடாக ஆஸ்திரியப் பேரரசுக்குள் இருந்தது. போரில் ஆஸ்திரியா தோற்றது. 1919 செப்டம்பர் 10இல் கையெழுத்தான சான் ஜெர்மேன் ஒப்பந்தம் பிரென்னர் கணவாயில் புது எல்லையைப் போட்டு, அதற்குத் தெற்கே இருந்த பகுதியை இத்தாலிக்குக் கொடுத்தது. 1920 அக்டோபரில் இணைப்பு முறையாக நடந்து முடிந்தது. வடக்கே இருக்கும் பாதியின் தலைநகரம் இன்ஸ்புருக், அது இன்றைக்கும் ஆஸ்திரியாதான். தெற்கே மாகாணத் தலைநகரமான போட்சன், மெரான் எல்லாம் இத்தாலி.

எல்லை மாறினாலும் மக்கள் மாறவில்லை. அவர்கள் வீட்டில் பேசியது ஜெர்மன், சில பள்ளத்தாக்குகளில் லதீன் என்ற சிறு மலைமொழி (லத்தீன் இல்லை). இப்போது கூட மாகாணத்தில் ஏறக்குறைய 10இல் 7 பேர் ஜெர்மன் பேசுகிறவர்கள், கால்வாசிப் பேர் இத்தாலியன், மீதிச் சிறு பங்கு லதீன். இதில் ஒரு விஷயம் என்னை ஒவ்வொரு முறையும் யோசிக்க வைக்கிறது: மொத்த டிரோலுக்கும் பெயர் கொடுத்த கோட்டை எல்லைக்குத் தெற்கே, இத்தாலிப் பக்கம் மாட்டிக்கொண்டது.

ஒவ்வொரு மேப்லயும் ஊர்ப்பேரு வேற வேற மாதிரி இருக்கே, டிக்கெட் எடுக்கும்போது எதைப் போடுறது?

எதைப் போட்டாலும் வேலை செய்யும். ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு பெயர் உண்டு, இரண்டும் அதிகாரபூர்வமானவைதான். போட்சன் என்றால் போல்சானோ. மெரான் என்றால் மெரானோ. கோட்டை இருக்கும் கிராமம் ஜெர்மனில் டோர்ஃப் டிரோல், இத்தாலியனில் திரோலோ. கோட்டைக்கு ஷ்லாஸ் டிரோல், கஸ்தெல் திரோலோ. மாகாணத்துக்கு சூட்டிரோல், ஆல்டோ அடிஜே. லதீன் பள்ளத்தாக்குக்குப் போனால் பலகையில் மூன்றாவது பெயரும் இருக்கும்.

இத்தாலியப் பெயர்களில் ஏராளமானவை எத்தோரே தொலோமேய் என்பவர் உட்கார்ந்து பட்டியல் போட்டு உருவாக்கியவை. பாசிச ஆட்சி அவற்றைச் சட்டமாக்கியது. அதனால் பெயர்ப்பலகை இங்கே இன்றும் சூடான விஷயம். கோபுரத்துக்குள் போகும்போது இது உங்களுக்கு ஞாபகம் வரும், கீழே அதைப்பற்றிச் சொல்லியிருக்கிறேன்.

எப்படிப் போறது? கார் கோட்டை வாசல் வரைக்கும் போகுமா?

போகாது. டோர்ஃப் டிரோல் கிராமம் வரைதான் வண்டி, அங்கிருந்து சுமார் 20, 25 நிமிட நடை. ரயிலில் வருகிறவர்கள் வெரோனாவிலிருந்து போட்சனுக்கு சுமார் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து மெரானுக்கு முக்கால் மணி நேரத்துக்குள், பிறகு மெரானிலிருந்து கிராமத்துக்குப் பேருந்து என்று வரலாம். இன்ஸ்புருக்கிலிருந்து வந்தால் பிரென்னர் வழியாக போட்சனுக்கு இரண்டு மணி நேரம் போல ஆகும். இரண்டு நாடும் ஷெங்கன்தான், ஆனாலும் ரயிலில் சோதனை வரலாம். பாஸ்போர்ட்டை விடுதியிலேயே வைத்துவிட்டு வராதீர்கள்.

அந்த நடையைத் தொந்தரவாக நினைக்க வேண்டாம். ஒரு பக்கம் திராட்சைத் தோட்டம், கீழே ஆற்றுப் பள்ளத்தாக்கு, எதிரே மலைகள். நடுவில் க்னாப்பன்லோக் என்ற சுரங்கவழி வரும். 1682இல் குன்றைக் குடைந்து வெட்டியது, 52 மீட்டர் நீளம். அதற்குள் நுழைந்து வெளியே வந்தால் கோட்டை சட்டென்று கண் முன்னால் நிற்கும். அந்தக் காட்சிக்காகவே வாடகைக் கார் இல்லாதது நல்லது என்பேன்.

எந்த மாசம் போகலாம்? டிசம்பர் லீவுல வரலாமா?

வேண்டாம். குளிர்காலத்தில் அருங்காட்சியகம் மூடியிருக்கும். பொதுவாக மார்ச் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை திறப்பார்கள், திங்கட்கிழமை விடுமுறை. தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் நகரும், ரயில் பதிவு செய்வதற்கு முன்னால் அருங்காட்சியகத்தின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். திங்கட்கிழமை வந்துவிட்டு மூடிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்களை அந்தப் பாதையில் நானே பார்த்திருக்கிறேன். பாவமாக இருக்கும்.

என்னைக் கேட்டால் ஏப்ரல் அல்லது அக்டோபர். ஏப்ரலில் பள்ளத்தாக்கு முழுக்க ஆப்பிள் மரங்கள் பூத்திருக்கும். அக்டோபரில் புதுத் திராட்சைரசமும் சுட்ட கஷ்கொட்டையும் கிடைக்கும், கூட்டமும் ஆகஸ்ட் அளவுக்கு இருக்காது.

மாசத்தோட முதல் ஞாயிறு இத்தாலியில மியூசியம் எல்லாம் ஃப்ரீ தானே?

அந்தத் திட்டம் ரோமில் இருக்கும் பண்பாட்டு அமைச்சகத்தின் கீழ் வரும் அருங்காட்சியகங்களுக்கு. இது மாகாணத்தின் சொத்து. முதல் உலகப்போருக்குப் பிறகு கோட்டை இத்தாலிய அரசிடம் போனது, 1974இல்தான் போட்சன் மாகாணத்தின் கைக்கு வந்தது. அதனால் முதல் ஞாயிறு என்று நம்பி வராதீர்கள்.

வேறு வழியில் மிச்சம் பிடிக்கலாம். தென் டிரோலில் பல விடுதிகள் தங்குகிறவர்களுக்கு விருந்தினர் அட்டை ஒன்று கொடுக்கின்றன. அதில் மாகாணப் பேருந்து, ரயில் இலவசம். சில அட்டைகளில் அருங்காட்சியக நுழைவும் சேர்ந்தே வரும். அறை பதிவு செய்யும்போதே எந்த அட்டை தருவீர்கள் என்று கேட்டுவிடுங்கள்.

அந்தப் பனி மனுஷன் மம்மி இங்கதானே இருக்கு?

இல்லை, இல்லை. ஏட்ஸி இருப்பது போட்சன் நகரத்தில் உள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தில். அதுவும் மாகாண அருங்காட்சியகம்தான், அதனால்தான் இந்தக் குழப்பம். 1991 செப்டம்பர் 19இல் மலையேறப் போன ஒரு ஜெர்மன் தம்பதி கண்ணில் பட்ட உடல் அது. சுமார் 5,300 ஆண்டு பழையது. பனிக்குள் கிடந்த இடம் எல்லையிலிருந்து இத்தாலிப் பக்கம் 92.56 மீட்டர் உள்ளே இருப்பது அளந்து பார்த்தபிறகுதான் தெரிந்தது. அந்த 92 மீட்டர் இல்லையென்றால் ஏட்ஸி இன்று இன்ஸ்புருக்கில் இருந்திருப்பார்.

நேரம் இருந்தால் இரண்டையும் பாருங்கள், ஆனால் ஒரே நாளில் வேண்டாம்.

எவ்வளவு நேரம் ஒதுக்கணும்? ஒரு மணி நேரம் போதுமா?

போதாது. மூன்று மணி நேரம் வையுங்கள், நடை தனி. ஒரு மணி நேரத்தில் முற்றத்தையும் தேவாலயத்தையும் பார்த்து, படம் எடுத்து, இறங்கிவிடலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். கோபுரத்தை விட்டுவிட்டு வந்தவர்களிடம் நான் சொல்வது, நீங்கள் பாதிதான் பார்த்தீர்கள் என்பதுதான்.

உள்ளே போனதும் எதை முதல்ல பார்க்கணும்?

வாசல்களை. அரண்மனைக் கூடத்துக்குப் போகிற வாசல் ஒன்று, அங்கிருந்து தேவாலயத்துக்குள் நுழைகிற வாசல் ஒன்று, இரண்டும் 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்த பளிங்குச் சிற்ப வேலை. ரோமனெஸ்க் பாணி என்பார்கள், அதாவது கூர்வளைவு வருவதற்கு முந்தைய அரைவட்ட வளைவுக் காலம். தேவாலய வாசலின் நெற்றியில் ஏசுவைச் சிலுவையிலிருந்து இறக்கும் காட்சி இருக்கிறது. சுற்றிலும் பாதி மனிதன் பாதி விலங்கு, வாயைத் திறந்த மிருகங்கள், பின்னிப் பிணைந்த கொடிகள்.

இவற்றுக்கு என்ன அர்த்தம் என்று அறிஞர்கள் நூறு வருஷத்துக்கும் மேலாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வாதம் நமக்கு அவசியமில்லை. கிட்டே போய் நின்று உளி பட்ட இடங்களைப் பாருங்கள், ஒரு பத்து நிமிடமாவது. சாய்வாக வெயில் விழும் நேரமாக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

தேவாலயத்துல என்ன விசேஷம்? எல்லா ஐரோப்பியக் கோட்டையிலயும் ஒண்ணு இருக்குமே.

இது இரண்டு அடுக்கு. ஒரே கூடத்துக்குள் மேலே ஒரு மாடம், பிரபு குடும்பம் மேலே நிற்கும், வேலைக்காரர்கள் கீழே. யார் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கட்டடமே முடிவு செய்துவிட்டது. புனித பங்கராசியாருக்கு அர்ப்பணிக்கப்பட்டது. சுவர் முழுக்க கோத்திக் காலத்து ஓவியங்கள். தலைக்கு மேலே சுமார் 1330ஐச் சேர்ந்த பெரிய மரச் சிலுவைக் காட்சி நிற்கிறது.

அங்கே இருக்கும் சிறகு வைத்த பீடத்தை, அதாவது கதவு மாதிரித் திறந்து மூடும் பலகைகள் கொண்ட பீடத்தைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள், அது நகல். அசல் 1370ஐ ஒட்டிச் செய்தது. ஆல்ப்ஸ் பகுதியில் முழுதாகக் கிடைத்திருக்கும் சிறகுப் பீடங்களில் அதுதான் மிகப் பழையது. இப்போது இன்ஸ்புருக்கில் ஃபெர்டினாண்டேயும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோட்டை எல்லைக்கு இந்தப் பக்கம், அதன் பீடம் அந்தப் பக்கம். நான் இரண்டையும் வேறு வேறு ஆண்டுகளில் பார்த்தேன், மனதுக்குள் இன்னும் ஒன்றாகச் சேர்த்து வைக்க முடியவில்லை.

மைன்ஹார்ட், மைன்ஹார்ட்னு எல்லாப் பலகையிலயும் வருதே, யாரு அவர்?

இரண்டாம் மைன்ஹார்ட், 1295இல் இறந்தார். டிரோல் பிரபுக்களின் ஆண்வழி 1253இல் முடிந்துபோக, மகள் வழியாக இந்த நிலம் கோரிட்சியா குடும்பத்துக்கு வந்தது. அந்தக் குடும்பத்துப் பேரன்தான் இவர். அதுவரை இங்கே உண்மையான அதிகாரம் திரெந்தோ, பிரிக்சன் ஆயர்களின் கையில். இவர் அவர்களிடமிருந்து ஊர் ஊராகப் பிடுங்கி, விலைக்கு வாங்கி, மிரட்டி, ஒரே நாடாகச் சேர்த்தார். திருச்சபை அவரை விலக்கி வைத்தது, அவர் நிற்கவில்லை.

எனக்கு அவரிடம் பிடித்தது சண்டை இல்லை, கணக்கு. 1288இலிருந்து அவருடைய நிர்வாகத்தின் வரவு செலவுப் புத்தகங்கள் இன்றும் இருக்கின்றன. எந்த ஊர் எத்தனை பாலாடைக்கட்டி கொடுத்தது, எவ்வளவு சுங்கம் வசூலானது எல்லாம் எழுதிவைத்திருக்கிறார்கள். மெரானில் அவர் அடித்த வெள்ளிக்காசில் இரட்டைச் சிலுவை இருந்தது. அந்தச் சிலுவையிலிருந்துதான் க்ரைட்சர் என்ற பெயர் வந்தது, பின்னால் பல நூற்றாண்டு ஜெர்மன் பேசும் நாடுகள் முழுக்கப் புழங்கிய காசுப் பெயர் அது. பல பேர் இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். கொஞ்சம் நில்லுங்கள்.

இங்க இருந்த ராணி ரொம்ப அசிங்கமா இருப்பாங்களாமே, உண்மையா?

மார்கரெத்தேயைப் பற்றிக் கேட்கிறீர்கள். மௌல்டாஷ் என்று பட்டப்பெயர், பை மாதிரி வாய் என்று பொருள் சொல்வார்கள். அவர் அழகற்றவர் என்பது எதிரிகள் கிளப்பிவிட்டு, பின்னால் வந்தவர்கள் ஊதிப் பெருக்கிய கதை. அவர் காலத்திலேயே வாழ்ந்த ஒரு துறவி தன் நாளாகமத்தில் அவரை மிக அழகானவர் என்றுதான் எழுதியிருக்கிறார்.

அவர் வாழ்க்கையைப் பாருங்கள். 1318இல் பிறந்தவர், மைன்ஹார்ட்டின் பேத்தி. 12 வயதில் 8 வயதுப் பையனுக்குக் கட்டிவைத்தார்கள், லுக்சம்பர்க் குடும்பத்து யோஹான் ஹைன்ரிஷ். 1341 நவம்பரில் ஒருநாள் அந்தக் கணவர் வேட்டைக்குப் போய்த் திரும்பியபோது மார்கரெத்தே இந்தக் கோட்டைக் கதவைத் திறக்கவில்லை. வேறு எங்கேயும் அவருக்கு இடம் கொடுக்கவிடவில்லை. அடுத்த பிப்ரவரியில் பவேரியக் குடும்பத்து லுட்விக்கைக் கல்யாணம் செய்துகொண்டார், போப்பின் அனுமதி இல்லாமல். முதல் கல்யாணம் செல்லாது என்பதற்கு வாதம் எழுதித் தந்தவர்கள் பாதுவாவின் மார்சீலியஸ், ஓக்கமின் வில்லியம் போன்ற பெரிய சிந்தனையாளர்கள். திருச்சபை இருவரையும் விலக்கியது, நாட்டில் வழிபாட்டுக்கே தடை போட்டது. விலக்கு நீங்க 1359 ஆனது. நடுவில் 1347இல் பழைய கணவரின் அண்ணன், பின்னாளில் பேரரசராக முடிசூடிய நான்காம் கார்ல், படையோடு வந்து கோட்டையை முற்றுகையிட்டார். லுட்விக் ஊரில் இல்லை. மார்கரெத்தே கோட்டையை விட்டுக்கொடுக்கவில்லை. கார்ல் திரும்பிப் போகும் வழியில் மெரானை எரித்துவிட்டுப் போனார்.

1363 ஜனவரியில் எஞ்சியிருந்த மகனும் இறந்தான். இரண்டு வாரத்துக்குள் டிரோலை ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்துக்கு எழுதிக் கொடுத்தார். 1369இல் வியன்னாவில் இறந்தார். ஒரு பெண் கணவனை வெளியே நிறுத்தினாள் என்பதற்காகத்தான் ஊர் அவளை 600 வருஷம் அசிங்கமானவள் என்று பேசியது என நான் நினைக்கிறேன். அந்த நுழைவாயில் வழியாகத்தான் நீங்களும் உள்ளே போவீர்கள், போகும்போது அந்த நவம்பர் நாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஹாப்ஸ்பர்க் கைக்குப் போனதுக்கு அப்புறம் கோட்டைக்கு என்ன ஆச்சு?

மதிப்புப் போய்விட்டது. 1420இல் நான்காம் ஃபிரெடெரிக் ஆட்சி இருக்கையை இன்ஸ்புருக்குக்கு மாற்றினார். அதற்குப் பிறகு கவனிக்க ஆள் இல்லை. கோட்டை நிற்பது பனியாறு கொண்டுவந்து கொட்டிய மண்ணும் கல்லும் சேர்ந்த குன்றின்மேல், அந்த மண் கரையும். ஒரு பகுதி பள்ளத்தில் சரிந்தே போனது. மிச்சத்தையும் கல்லுக்காக இடித்திருக்கிறார்கள்.

1816இல் மெரான் நகரத்தார் கோட்டையைப் பேரரசர் ஃபிரான்சுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் பழுது பார்த்தார்கள். நீங்கள் பார்க்கும் உயரத்துக்குப் பெரிய கோபுரம் எழும்பியது 1904இல்தான். ஆகவே அதை முழுக்க இடைக்காலம் என்று நம்பவேண்டாம்.

அந்தக் கோபுரத்துல ஏறணுமா? மூச்சு வாங்குது.

ஏறுங்கள், முடிந்தவரை. கோபுரத்துக்குள் இரும்பில் படிகளும் தளங்களும் அமைத்து, 20 நிலைகளில் தென் டிரோலின் 20ஆம் நூற்றாண்டை வைத்திருக்கிறார்கள். ஏறஏற வருடங்கள் நகரும். இந்தக் கோட்டையிலேயே என்னை அதிக நேரம் நிறுத்தியது இந்தக் கோபுரம்தான்.

கீழே போரும் எல்லையும். அப்புறம் பாசிசக் காலம்: 1923இலிருந்து ஜெர்மன் பள்ளிகளை வகுப்பு வகுப்பாக மூடினார்கள், ஊர்ப்பெயர் மாறியது, அலுவலகத்தில் இத்தாலியன் மட்டும். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க அடுப்படியிலும் மாட்டுக் கொட்டிலிலும் ரகசியமாக வகுப்பு நடத்தினார்கள், நிலவறைப் பள்ளிகள் என்று அதற்குப் பெயர். மாட்டிக்கொண்ட ஆசிரியைகள் சிறைக்கும் நாடுகடத்தலுக்கும் ஆளானார்கள். மேலே போகப்போக இரண்டாம் உலகப்போர், 1946இல் பாரிஸில் ஆஸ்திரிய வெளியுறவு அமைச்சர் குரூபரும் இத்தாலியப் பிரதமர் தெ காஸ்பெரியும் போட்ட ஒப்பந்தம், தன்னாட்சிப் போராட்டம்.

அங்க 1939, ஆப்ஷன்னு ஒரு பகுதி இருக்கு, எனக்குப் புரியல.

புரியாதது ஆச்சரியமில்லை, அங்கே பிறந்தவர்களே பல வருஷம் வாய்திறந்து பேசாத விஷயம். ஹிட்லரும் முசோலினியும் 1939இல் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். தென் டிரோலின் ஜெர்மன், லதீன் மக்கள் அந்த ஆண்டு டிசம்பர் 31க்குள் முடிவெடுக்க வேண்டும்: ஜெர்மனிக்குப் புறப்படுவது, அல்லது இங்கேயே தங்கி மொழிக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் இத்தாலியர்களாக வாழ்வது. மொழியை எடுத்துக்கொண்டு ஊரை விடு, அல்லது ஊரை வைத்துக்கொண்டு மொழியை விடு என்பதுதான் அதன் சாரம்.

80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் போகிறோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். போர் சூடுபிடித்ததால் உண்மையில் புறப்பட்டது சுமார் 75,000 பேர். போருக்குப் பிறகு அவர்களில் ஒரு பகுதியினர்தான் திரும்பினார்கள். அண்ணன் போகிறேன் என்பான், தம்பி தங்குகிறேன் என்பான், அப்புறம் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. தங்கியவர்களைத் துரோகி என்றார்கள். மொழிக்காக வாதாடிய எவருக்கும் இந்தத் தளத்தைச் சட்டென்று கடக்க முடியாது.

மியூசியம் ஜெர்மன்காரங்க பக்கம்தானே பேசும்? இத்தாலியர்கள் வில்லனா காட்டுவாங்களா?

நியாயமான சந்தேகம். நான் பார்த்தவரை இல்லை. நாஜிகளிடம் உள்ளூர் ஆட்கள் எவ்வளவு ஆசையோடு போய்ச் சேர்ந்தார்கள் என்பதை மறைக்கவில்லை. போட்சன் தொழிற்சாலைகளுக்காகத் தெற்கிலிருந்து கொண்டுவரப்பட்ட இத்தாலியத் தொழிலாளிகளும் பிழைப்புக்காக வந்தவர்கள்தான் என்பதும் அங்கே புரியும்.

1961 ஜூன் 11ஆம் தேதி இரவில், இத்தாலியிலிருந்து பிரிய விரும்பிய தென் டிரோலர்கள் சிலர் மாகாணம் முழுக்க மின்கோபுரங்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள், நெருப்பு இரவு என்பார்கள். அதற்கு நாலு வருஷம் முன்னாலேயே, 1957இல், தென் டிரோல் மக்கள் கட்சியின் தலைவர் சில்வியுஸ் மாக்னாகோ சிக்மண்ட்ஸ்குரோன் கோட்டையில் பெருங்கூட்டத்தைக் கூட்டி, இத்தாலியர் பெரும்பான்மையான திரெந்தோவோடு சேர்த்துக் கட்டியதிலிருந்து விடுபட வேண்டும் என்று கேட்டு, கலவரம் இல்லாமல் கலைத்து அனுப்பினார். வெடியா பேச்சா, எது பலன் கொடுத்தது என்று இன்றும் அங்கே வாதம் உண்டு. ஆஸ்திரியா விஷயத்தை 1960இல் ஐ.நா.வுக்குக் கொண்டுபோனது, 1972இல் இரண்டாவது தன்னாட்சிச் சட்டம் வந்தது, 1992இல் தகராறு தீர்ந்தது என்று இரு நாடும் அறிவித்தன. என் கணிப்பில் பேச்சுதான் ஜெயித்தது. நீங்கள் பார்த்துவிட்டு வேறு மாதிரி நினைக்கலாம்.

ஜெர்மனும் தெரியாது, இத்தாலியனும் தெரியாது. போய் என்ன புரியும்?

நுழைவுச்சீட்டு வாங்கும்போதே ஆங்கில ஒலி வழிகாட்டி கேளுங்கள். இந்தப் பக்கத்தில் சொன்ன அளவு பின்னணி தெரிந்திருந்தால் படங்களும் பொருட்களுமே பாதிக்கு மேல் சொல்லிவிடும்.

அம்மாவுக்கு முட்டி வலி, பையனுக்கு ஆறு வயசு. கூட்டிட்டுப் போகலாமா?

நடைபாதை பெரும்பாலும் சீரானது, கோட்டையை நெருங்கும்போது ஏற்றம் உண்டு. அம்மா நிதானமாக வந்தால் முற்றம், வாசல்கள், தேவாலயம் பார்க்கலாம், கோபுரப் படிகள் வேண்டாம். அம்மா முற்றத்தில் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும், நீங்கள் ஏறிவிட்டு வாருங்கள்.

பையனுக்குக் கோட்டையை ஒட்டியே காயம்பட்ட பறவைகளுக்கான பராமரிப்பு மையம் இருக்கிறது. ஆந்தை, பருந்து, கழுகு எல்லாம் கிட்டத்தில் பார்க்கலாம். பையனுக்கு அதைச் சொல்லியே வழி முழுக்க நடக்க வைக்கலாம்.

சைவம் கிடைக்குமா?

கோட்டையில் தேடாமல் கிராமத்தில் சாப்பிடுங்கள். பசலைக்கீரை அல்லது பாலாடைக்கட்டி போட்ட க்னோடல் உருண்டை, கீரையும் ரிகோட்டாவும் அடைத்த ஷ்லுட்ஸ்க்ராப்ஃபன் இரண்டும் எங்கும் கிடைக்கும். ஸ்பெக் இல்லாமல் என்று சொல்லிவிடுங்கள், அது புகையில் பதப்படுத்திய பன்றி இறைச்சி, கேட்காமலே தூவுவார்கள். முட்டை சாப்பிடாதவர்கள் க்னோடலைத் தவிர்க்கவும், முட்டை சேர்ப்பார்கள்.

கோட்டைக்குக் கீழே இன்னொரு சின்னக் கோட்டை தெரியுதே, அது என்ன?

புரூனன்பர்க். அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்ட் 1958இல் அமெரிக்காவிலிருந்து திரும்பியதும் தன் மகள் வீடான அங்கேதான் வந்து தங்கினார். இப்போது உழவுக் கருவிகளுக்கான அருங்காட்சியகம் அதில் இருக்கிறது. அதோடு, டிரோல் கோட்டைக்கு முன்னாலேயே ஒரு முற்காலக் கிறிஸ்தவ ஆலயத்தின் அடித்தளம் தோண்டி எடுக்கப்பட்டிருக்கிறது, அதைக் கவனிக்காமல் கடந்துவிடாதீர்கள். பீடத்தடியில் ஒரு சிறிய வெள்ளிப் பேழை கிடைத்தது. கோட்டை எழும்புவதற்குப் பல நூற்றாண்டுக்கு முன்பே அந்தக் குன்றில் ஆட்கள் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதே மாதிரி வேற எதையாவது சேர்த்துப் பார்க்கணும்னா?

மெரானிலேயே ட்ரௌட்மான்ஸ்டோர்ஃப் மாளிகையில் சுற்றுலாவின் வரலாற்றுக்கு ஓர் அருங்காட்சியகம், பெரிய தோட்டத்தோடு. புரூனெக் பக்கம் டீட்டென்ஹைமில் பழைய பண்ணை வீடுகளைப் பெயர்த்து வந்து வைத்த நாட்டுப்புற அருங்காட்சியகம். லதீன் மக்களைப் பற்றி அறிய சான் மார்த்தினில் இருக்கும் சியாஸ்தெல் தெ தோர். ஒன்றுதான் முடியும் என்றால் நான் லதீன் அருங்காட்சியகத்தைச் சொல்வேன், ஜெர்மனுக்கும் இத்தாலியனுக்கும் நடுவே அந்தச் சின்ன மொழி எப்படி நின்றது என்பது டிரோல் கோட்டையில் போதுமான அளவு வரவில்லை.

அங்க இருக்கறவங்ககிட்ட நீங்க ஜெர்மனா இத்தாலியனானு கேட்கலாமா?

நேராகக் கேட்காதீர்கள். இத்தாலியக் குடிமக்கள்தான், ஆனால் பலர் தங்களை இத்தாலியர் என்று சொல்லிக்கொள்ள மாட்டார்கள், ஜெர்மானியர் என்று சொன்னாலும் திருத்துவார்கள், தென் டிரோலர் என்பார்கள். இன்னொரு பக்கம், மூன்று தலைமுறையாக போட்சனில் பிறந்து வளர்ந்த இத்தாலியக் குடும்பங்களும் உண்டு, அவர்களுக்கும் அது சொந்த ஊர். இங்கே மொழி என்பது வீட்டு விஷயம் மட்டுமில்லை. அரசு வேலை மொழிக் குழுக்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒதுக்கப்படுகிறது, அதற்காக எந்தக் குழு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஆகவே நீங்கள் சாதாரணமாகக் கேட்பது அவர்களுக்குச் சாதாரணமாக இருக்காது.

கடையில் நுழையும்போது ஒரு கணம் காத்திருங்கள். அவர்கள் ஜெர்மனில் க்ரூஸ் காட் என்று வணக்கம் சொன்னால் அதையே திருப்பிச் சொல்லுங்கள், இத்தாலியனில் புவோன்ஜோர்னோ என்றால் புவோன்ஜோர்னோ. கோபுரத்தில் கேள்விப்பட்டதைப் பற்றி ஆர்வமாகப் பேச்சைத் தொடங்கினால் அவர்களே தங்கள் தாத்தா 1939இல் எந்தப் பக்கம் கையெழுத்துப் போட்டார் என்று சொல்வார்கள். எனக்கு ஒரு பெரியவர் அப்படித்தான் பேருந்து நிறுத்தத்தில் சொன்னார், இரண்டு பேருந்தை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.